ஆள்பவரைக் கட்டுப்படுத்துமா சட்டம்? உரோமர் விட்டுச் சென்ற இரண்டு பதில்கள்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் ஏதாவதொன்றில், வேறொருவரின் கவனயீனத்தினால் காயமடைந்த ஒருவர் நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்காகத் தோன்றும் சட்டத்தரணி 'அக்குவிலியச் சட்டம்' என்ற பெயரை உச்சரிக்கக்கூடும். சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரோம நகரத்துப் பொதுமக்கள் சபையில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் பெயர் அது. பிறருடைய அடிமையையோ கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவர், முந்திய ஓராண்டுக்குள் அதற்கு இருந்த அதியுயர் பெறுமதியை உரிமையாளருக்குச் செலுத்தவேண்டும் என்பதே அதன் முதல் விதி. மாட்டுக்கும் அடிமைக்கும் விலை சொன்ன அந்தச் சட்டத்திலிருந்து கிளைத்த கோட்பாடுதான் இன்று நமது நாட்டில் மோட்டார் வாகன விபத்துக்கும் வைத்தியத் தவறுக்கும் நட்டஈடு பெற்றுக்கொடுக்கிறது. பத்திரிகை நடத்தும் நமக்கும் இதில் பங்குண்டு. இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் அவதூறுக்கு நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு நீங்கவில்லை. அதன் வேர் உரோமரின் 'இஞ்சூரியா' என்ற கோட்பாட்டிலேயே இருக்கிறது.

ஆகவே, உரோமரின் சட்டமும் ஆட்சியும் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோன விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அதிலும் ஒரு கேள்வி எக்காலத்துக்கும் உரியது. குடிமக்களை இவ்வளவு நுட்பமாக ஒழுங்குபடுத்திய அந்தச் சட்டம், ஆள்பவர்களையும் கட்டுப்படுத்தியதா? இக்கேள்விக்கு உரோம வரலாறு ஒரு பதிலை அல்ல, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதில்களைத் தருகிறது.

ஆரம்பத்தில் உரோமரின் சட்டம் எழுதப்படாததாகவே இருந்தது. அதை அறிந்தவர்கள் பற்றீசியர் எனப்பட்ட உயர்குடியினரும் அவர்களுள்ளிருந்து வந்த குருமாருமே. வழக்கை எந்த நாளில் தொடுக்கலாம், எந்தச் சொற்களைக்கொண்டு தொடுக்கவேண்டும் என்பதுகூட அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கடன்பட்ட பொதுமகன் ஒருவன், தன்னைக் கட்டும் விதி எதுவென்று தெரியாமலேயே கட்டுப்பட்டான். பிளீபியர் எனப்பட்ட பொதுமக்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவாக, கி.மு. 451, 450 ஆம் ஆண்டுகளில் பத்துப்பேர் கொண்ட குழுவொன்று சட்டங்களைத் தொகுத்தது. அவை பன்னிரண்டு பலகைகளில் பொறிக்கப்பட்டு நகரச் சதுக்கத்தில் வைக்கப்பட்டதாக மரபு கூறுகின்றது.

அந்தப் பன்னிரு பலகைகள் கருணை மிக்கவை அல்ல. கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை. அதன் பின்னர் கடன் கொடுத்தவன் அவனைப் பிடித்துச் சென்று 60 நாட்கள் கட்டிவைக்கலாம். அந்நாட்களுக்குள் மூன்று சந்தை நாட்களில் அவனைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்து கடன்தொகையை அறிவிக்கவேண்டும். எவரும் மீட்காவிட்டால் தைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கலாம். உயர்குடியினரும் பொதுமக்களும் தமக்குள் மணம் செய்வதையும் அவை தடுத்தன. ஆனால் எழுதப்பட்டுவிட்ட சட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சுட்டிக்காட்டி எதிர்த்து நிற்கலாம். கலப்பு மணத் தடை ஐந்தே ஆண்டுகளில், கி.மு. 445 இல், நீக்கப்பட்டது. கடனுக்காக உடலைப் பிணைவைக்கும் வழக்கம் கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் ஒழிந்தது. கி.மு. 304 இல் கினியஸ் பிளேவியஸ் என்பவர், குருமார் மறைத்து வைத்திருந்த வழக்கு வாசகங்களையும் நீதிமன்ற நாட்காட்டியையும் பகிரங்கப்படுத்தினார். அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது. கி.மு. 287 ஆம் ஆண்டளவில், பொதுமக்கள் சபையின் தீர்மானங்கள் உயர்குடியினரையும் கட்டுப்படுத்தும் என்ற நிலை உருவாயிற்று.

குடியரசுக் கால ஆட்சிமுறையின் அடிப்படை, எவரையும் தனியே நம்பாமை எனலாம். அரசனை விரட்டிய மக்கள், அவனுடைய அதிகாரத்தை ஒருவரிடம் கொடுக்கவில்லை. இரண்டு கொன்சல்கள் ஓராண்டுக்கு மட்டும் தெரிவுசெய்யப்பட்டனர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பொதுமக்களின் பிரதிநிதிகளான திரிபியூன்கள் எந்த அதிகாரியின் செயலையும் மறுத்து நிறுத்தலாம். முன்னாள் அதிகாரிகளைக் கொண்ட செனற் சபை ஆலோசனை கூறியது. அந்த ஆலோசனையை மீறுவது எளிதாக இருக்கவில்லை. பேராபத்து நேர்ந்தால் சர்வாதிகாரி ஒருவர் நியமிக்கப்படலாம். ஆயின் அவருடைய காலம் ஆறு மாதத்துக்கு மேற்படக்கூடாது. மரண தண்டனை விதிக்கப்பட்ட பிரஜை மக்களிடம் மேன்முறையீடு செய்யலாம் என்ற உரிமையை உரோமர் தமது சுதந்திரத்தின் காவலரணாகக் கருதினர்.

நீதி பரிபாலனத்துக்குப் பொறுப்பானவர் பிறீற்றர் எனப்பட்ட அதிகாரி. தமது ஓராண்டுப் பதவியின் தொடக்கத்தில், எத்தகைய வழக்குகளை ஏற்பேன், எத்தகைய பரிகாரம் தருவேன் என்று அவர் ஓர் அறிவித்தலைப் பகிரங்கமாக வைப்பார். அடுத்து வருபவர் அதிலே நல்லதை வைத்துக்கொண்டு வேண்டியதைச் சேர்ப்பார். இவ்வாறு ஆண்டுதோறும் திருத்தப்பட்ட அறிவித்தல்களின் மூலமே உரோமச் சட்டம் வளர்ந்தது. கி.மு. 242 ஆம் ஆண்டளவில் வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கெனத் தனியானதொரு பிறீற்றர் ஏற்படுத்தப்பட்டார். கடல்கடந்து வந்த வணிகனுக்கும் பொருந்தும் பொதுநியாயம் என்ற எண்ணம் அங்கிருந்தே வலுப்பெற்றது. பிறீற்றர் தமது சொந்த அறிவித்தலையே மீறி நடந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அதனைத் தடுக்க, அறிவித்தலுக்கு அவரும் கட்டுப்பட்டவரே என்று கி.மு. 67 இல் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது.

ஆனால் உரோமப் பிரஜைக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு, உரோமர் வென்ற மாகாணங்களின் மக்களுக்கு இருக்கவில்லை. அங்கே ஆளுநரே படைத்தலைவர், அவரே நீதிபதி. ஆளுநர்கள் பறித்த பணத்தை மீளப்பெறுவதற்கென கி.மு. 149 இல் உரோமில் ஒரு நிரந்தர நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அதன் புகழ்பெற்ற வழக்கு கி.மு. 70 இல் நடந்தது. சிசிலித் தீவை மூன்றாண்டுகள் ஆண்ட வெரெஸ் என்பவனுக்கு எதிராக, அத்தீவு மக்களின் சார்பில் வழக்கை நடத்தினார் சிசரோ. விளைச்சலைப் பறித்தமை, கோயிற் சிலைகளைக் கவர்ந்தமை, இலஞ்சம் பெற்றுத் தீர்ப்பு வழங்கியமை எனக் குற்றங்கள் அடுக்கப்பட்டன. இவற்றுள் உரோமரை உலுக்கியது கவியஸ் என்பவரின் கதையே. தாம் உரோமப் பிரஜை என்று கதறியபோதும் அவர் கசையடிக்கு உள்ளாகிச் சிலுவையில் அறையப்பட்டார் என்று சிசரோ குற்றஞ்சாட்டினார். தீர்ப்பு வருமுன்னரே வெரெஸ் இன்றைய பிரான்ஸின் மார்செய் நகருக்குத் தப்பியோடினான்.

பிரஜையை விசாரணையின்றிக் கொல்லலாகாது என்ற நெறியின் காவலராக அன்று உயர்ந்து நின்ற அதே சிசரோ, ஏழு ஆண்டுகளின் பின்னர் கொன்சல் பதவியில் இருந்தபோது எதிர்ப்பக்கத்தில் நின்றார். கட்டிலீனா என்பவன் தலைமையிலான சதி அம்பலமானது. அரசுக்குத் தீங்கு நேராதவாறு கொன்சல்கள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற அவசரத் தீர்மானத்தைச் செனற் ஏற்கனவே நிறைவேற்றியிருந்தது. கைதான ஐந்து சதிகாரரை என்ன செய்வது என்று கி.மு. 63 டிசம்பர் 5 ஆம் திகதி செனற்றில் விவாதம் நடந்தது. அவர்களைச் சிறையில் வைப்போம் என்றார் யூலியஸ் சீசர். கொல்லவேண்டும் என்றார் கேற்றோ. அன்று மாலையே ஐவரும் நீதிமன்ற விசாரணையின்றிச் சிறையினுள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். நாட்டைக் காத்தவர் என்று சிசரோ போற்றப்பட்டார். ஆனால் ஐந்து ஆண்டுகளில், விசாரணையின்றிப் பிரஜையைக் கொன்றவரை நாடுகடத்தும் சட்டமொன்று கொண்டுவரப்பட்டது. சிசரோ நகரைவிட்டு வெளியேறினார். அவருடைய வீடு இடிக்கப்பட்டது.

அவசரத் தீர்மானம் என்ற அந்த ஆயுதத்தின் வரலாறும் நாம் கவனிக்கவேண்டியது. மக்களின் ஆணையின்றிப் பிரஜையின் உயிரைப் பறிக்கும் விசாரணை கூடாது என்று கி.மு. 123 இல் சட்டம் கொண்டுவந்தவர் காயஸ் கிராக்கஸ். அத்தீர்மானம் முதன்முதலில் கி.மு. 121 இல் பயன்படுத்தப்பட்டபோது அதற்குப் பலியானவரும் அவரே. ஆறு மாத எல்லைக்கு உட்பட்டிருந்த சர்வாதிகாரிப் பதவி, கி.மு. 82 இல் சுல்லாவிடம் காலவரையறை இன்றி ஒப்படைக்கப்பட்டது. கி.மு. 44 இல் சீசருக்கு அது ஆயுட்காலப் பதவியாயிற்று. சீசர் கொல்லப்பட்டார், எனினும் குடியரசு மீளவில்லை. கி.மு. 43 நவம்பரில் அந்தோனி, ஒக்டேவியன், லெப்பிடஸ் ஆகிய மூவரிடமும் சட்டமியற்றியே பேரதிகாரம் கையளிக்கப்பட்டது. அவர்கள் வெளியிட்ட கொலைப்பட்டியலில் சிசரோவின் பெயரும் இருந்தது. வெட்டப்பட்ட அவருடைய தலையும் கையும், அவர் உரையாற்றிய அதே மேடையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சட்டம் மீறப்பட்டதனால் மட்டும் குடியரசு அழிந்துவிடவில்லை. சட்டமே கொலைக்கு அனுமதிப்பத்திரமாக மாறியபோதுதான் அது முற்றாக அழிந்தது.

அந்த அழிவின் மீது பேரரசைக் கட்டியவர் ஒக்டேவியன், அதாவது பின்னாளைய அகஸ்டஸ். அவர் தம்மை அரசர் என்று கூறவில்லை. குடியரசை மீட்டுவிட்டேன் என்றே கி.மு. 27 இல் அறிவித்தார். கொன்சல்கள் தொடர்ந்தனர், செனற் கூடியது. ஆனால் படைகள் நிலைகொண்ட மாகாணங்கள் அவரிடம் இருந்தன. கி.மு. 23 இலிருந்து திரிபியூன்களின் மறுப்பதிகாரமும் வாழ்நாள் முழுவதும் அவருக்குரியதாயிற்று. ஒருவரையொருவர் தடுப்பதற்கென உண்டாக்கப்பட்ட அதிகாரங்கள் யாவும் ஒருவரிடமே குவிந்தன. எந்தப் பதவியும் ஒழிக்கப்படவில்லை. எந்தப் பதவிக்கும் பொருள் இருக்கவில்லை. வெஸ்பாசியன் ஆட்சிக்கு வந்தபோது இயற்றப்பட்ட சட்டத்தின் ஒரு பகுதி, வெண்கலப் பலகையாக இன்றும் உரோமின் கப்பிட்டோலைன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. அகஸ்டஸ் முதலானோரைக் கட்டுப்படுத்தாத சட்டங்கள் இவரையும் கட்டுப்படுத்தா என்று அது கூறுகிறது. பேரரசர் சட்டத்துக்கு மேலானவர் என்பதும் சட்டமாகவே எழுதப்பட்டது.

பேரரசின் ஆட்சி முழுவதையும் கொடுங்கோன்மை என்று கூறிவிடுவதும் நியாயமாகாது. மாகாண நிருவாகம் குடியரசுக் காலத்தைவிடச் சீரடைந்தது. ஆளுநர்கள் நகரம் நகரமாகச் சென்று வழக்குக் கேட்டனர். கி.பி. 209 ஆம் ஆண்டளவில் எகிப்தின் ஆளுநருக்கு ஒரு நகரில் மூன்று நாட்களுக்குள் 1,804 மனுக்கள் கையளிக்கப்பட்டன என்பதை ஒரு பப்பிரஸ் ஏடு காட்டுகிறது. மனுக் கொடுத்தால் மறுமொழி வரும் என்ற நம்பிக்கை சாதாரண மக்களுக்கு இருந்தமைக்கு அது சான்றாகும். கருங்கடற்கரையை அண்டிய பிதினிய மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, கிறிஸ்தவர்களை எவ்வாறு நடத்துவது என்று பேரரசர் திராஜனைக் கேட்டெழுதினார். அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டாம், பெயர் குறிப்பிடாத முறைப்பாடுகளை ஏற்கவேண்டாம் என்று பதில் வந்தது. குற்றஞ்சாட்டி நிரூபிக்கப்பட்டால் தண்டனை உண்டு என்பதும் அதே பதிலில் இருந்தது. இலங்கையிலிருந்து பேரரசர் குளோடியஸின் அவைக்குத் தூதுவர் சென்ற செய்தியைப் பதிவுசெய்த மூத்த பிளினி, இவருடைய தாய்மாமன் ஆவார்.

அந்த நீதியின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. கி.பி. 61 இல் நகர அதிபர் பெடானியஸ் செக்குந்தஸ் தமது அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அவ்வாறு நேர்ந்தால் அவ்வீட்டில் இருந்த அடிமைகள் அனைவரும் கொல்லப்படவேண்டும் என்பது பழைய வழக்கம். அவர் வீட்டில் அடிமைகள் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். உரோமப் பொதுமக்களே வீதியில் இறங்கி எதிர்த்தனர். செனற்றில் எழுந்து, வழக்கம் நிறைவேற்றப்பட்டே ஆகவேண்டும் என்று வாதிட்டவர் காயஸ் கசியஸ் லொஞ்சினஸ். அவர் அக்காலத்தின் தலைசிறந்த சட்ட அறிஞர்களில் ஒருவர். வீதியின் இருமருங்கும் படைவீரர் நிறுத்தப்பட, 400 பேரும் கொல்லப்பட்டனர். சட்ட அறிவு நிறைந்திருப்பதனால் நீதி பிறந்துவிடும் என்பதில்லை.

கி.பி. 212 இல் பேரரசர் கரகல்லா, பேரரசிலிருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் பிரஜாவுரிமை வழங்கினார். பிரஜைகளிடம் மட்டும் அறவிடப்பட்ட வரிகளை எல்லோரிடமும் அறவிடுவதே அவருடைய நோக்கம் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதினார். நோக்கம் எதுவாயினும், அந்த உரிமையின் மதிப்பு அதற்குள் தேய்ந்திருந்தது. உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற புதிய பிரிவு சட்டத்தில் வேரூன்றியிருந்தது. ஒரே குற்றத்துக்கு உயர்ந்தோருக்கு நாடுகடத்தல். தாழ்ந்தோருக்குச் சுரங்க வேலை அல்லது கொடிய மரணம். கவியஸ் சிலுவையில் கதறிய அந்தச் சொல்லை எல்லோரும் சொல்லக்கூடியதான காலம் வந்தபோது, அது எவரையும் காப்பாற்றும் வலுவை இழந்திருந்தது.

இதே காலப்பகுதியில்தான் உரோமச் சட்டவியல் உச்சத்தை எட்டியது. பப்பீனியன், பவுலஸ், உல்பியன் முதலிய அறிஞர்கள் எழுதிக் குவித்தனர். கரகல்லா தம் தம்பி கெற்றாவைக் கொன்றபின்னர் பப்பீனியனும் கொல்லப்பட்டார். தம்பியைக் கொன்றதை நியாயப்படுத்த மறுத்தமையே காரணம் என்று மரபு கூறும். உல்பியன் தமது பொறுப்பில் இருந்த மெய்க்காவல் படையினராலேயே கொல்லப்பட்டார்.

இவர்களுடைய எழுத்துக்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து ஆண்ட பேரரசர் ஜஸ்டீனியன். மேற்கே பேரரசு வீழ்ந்து அரை நூற்றாண்டு கழிந்த நிலையில், அவர் திரிபோனியன் என்ற அறிஞரின் தலைமையில் தொகுப்புப் பணியைத் தொடங்கினார். சுமார் 2,000 நூல்களில் இருந்த 30 இலட்சம் வரிகள், ஏறத்தாழ 1,50,000 வரிகளாகச் சுருக்கப்பட்டன. 50 பாகங்கள் கொண்ட அத்தொகுப்பு 533 டிசம்பரில் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில் தலைநகரில் பெருங்கலகம் மூண்டபோது, திரிபோனியனைப் பதவிநீக்க வேண்டும் என்று மக்கள் கோரினர். அவர் பணத்துக்காகச் சட்டத்தை விற்றார் என்பது அவர்மீது இருந்த குற்றச்சாட்டு. கலகம் அடக்கப்பட்டபோது சுமார் 30,000 பேர் மாண்டனர் என்று புரொக்கோபியஸ் எழுதுகிறார்.

நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்ட இரண்டு பதில்களும் ஜஸ்டீனியனின் தொகுப்புகளிலேயே இருக்கின்றன. பேரரசர் சட்டங்களினால் கட்டுண்டவர் அல்லர், அவருடைய விருப்பமே சட்டத்தின் வலுவுடையது என்ற உல்பியனின் கருத்துக்கள் ஒருபுறம். சட்டத்துக்குத் தானும் கட்டுப்பட்டவன் என்று ஏற்பதே ஆள்பவரின் மாட்சிமைக்குத் தகும், ஏனெனில் அவருடைய அதிகாரமே சட்டத்திலிருந்து வருகிறது என்ற பொருள்பட 429 ஆம் ஆண்டில் வெளியான பேரரச ஆணை மறுபுறம். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியின் பொலோனா நகரில் இத்தொகுப்பு மீண்டும் கற்பிக்கப்பட்டது. அதன் பின்னர் ஐரோப்பிய மன்னர்கள் முதலாவதை எடுத்துக்காட்டினார்கள். மன்னர்களை எதிர்த்தோர் இரண்டாவதை எடுத்துக்காட்டினார்கள்.

ஒல்லாந்தின் அறிஞர்கள் உரோமச் சட்டத்தைத் தமது நாட்டு வழக்கங்களோடு இணைத்தனர். அவர்களுள் முதன்மையான ஹியூகோ குரோஷியஸ், தமது நாட்டுச் சட்டத்துக்கான அறிமுக நூலைச் சிறையில் இருந்தே எழுதினார். அது 1631 இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் அந்தச் சட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை வென்ற ஆங்கிலேயர், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதைத் தொடர அனுமதித்தனர். ஒல்லாந்திலேயே அது 1809 இல் புதிய சட்டக்கோவைக்கு இடம்விட்டு மறைந்தது. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது இன்றும் உயிர்வாழ்கிறது. தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், நியதிச் சட்டங்கள் ஆகியன தொடாத இடங்களில் அதுவே நமது பொதுச் சட்டம்.

நமக்கு வந்து சேர்ந்தது உரோமரின் தனியார் சட்டமே. சொத்து, ஒப்பந்தம், நட்டஈடு ஆகியவற்றில் அவர்கள் இயற்றியவை இரண்டாயிரம் ஆண்டுகள் தாங்கி நின்றன. ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் அவர்கள் வெற்றிபெறவில்லை. அறிவில் குறைந்தோ, சட்டம் இல்லாமலோ அவர்கள் தோற்கவில்லை. ஆபத்து என்று சொல்லி ஒருமுறை வழங்கிய விதிவிலக்கை அவர்களால் ஒருபோதும் திரும்பப் பெற முடியவில்லை. வெரெஸை விரட்டிய சிசரோவுக்கு அது தெரியாததல்ல. ஆயினும் தம் கையில் அதிகாரம் இருந்த அந்த ஒரு மாலைப்பொழுதில், தாம் செய்வது நாட்டைக் காக்கவே என்று அவர் நம்பினார். அவரைக் கொல்லப் பட்டியல் எழுதியவர்களும் அவ்வாறே கூறினார்கள்.